பாட்டு கேட்க எத்தனை ஜிபி வேண்டும்?

கேள்வி, 6 ஜனவரி 2024

போனில் பாட்டு கேட்பதை விட்டுவிட்டு, தனியாக ஒரு சின்ன மியூசிக் பிளேயர் வாங்கப் போகிறேன். மெமரி கார்டு போடும் வசதி உண்டு. கம்ப்யூட்டரில் ஏறக்குறைய 9000 பாட்டு சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் சினிமாப் பாட்டு, கொஞ்சம் கச்சேரி. வேலைக்குப் போக வர ரயிலில் தினமும் இரண்டு மணி நேரம். கடைக்காரர் 256 ஜிபி கார்டு போடுங்கள், 32 எல்லாம் இந்தக் காலத்தில் எதற்கு என்கிறார். எது சரி?

6 ஜனவரி, இரவு

32 ஜிபி போதும்.

விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: தினம் இரண்டு மணி நேரம். எண்ணிக்கையாகப் பார்த்தால் 9000 பாட்டு மலைப்பாகத்தான் இருக்கும். அதை நேரமாக மாற்றிப் பாருங்கள். ஒரு சினிமாப் பாட்டு நாலரை நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 675 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் கேட்டு, ஒரு பாட்டைக்கூட இரண்டாம் முறை கேட்காமல் முடித்தால், 337 நாள் ஆகும். அப்படி யார் கேட்பார்கள்? பிடித்ததைத் திரும்பத் திரும்பக் கேட்கத்தானே பிளேயர் வாங்குகிறோம்.

பிளேயருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை இரண்டு விஷயம் முடிவு செய்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கேட்பீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை கார்டைக் கழற்றிப் பாட்டை மாற்றுவீர்கள். வீட்டில் எத்தனை பாட்டு இருக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே வராது.

7 ஜனவரி

"கணக்கை விரித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். சரி.

பாட்டைச் சுருக்கி வைக்கும் எம்பி3 கோப்பு, 128 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு எத்தனை ஆயிரம் பிட் என்ற கணக்கு) நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி பிடிக்கும். 320 என்றால் 2.4 எம்பி. சிடியில் இருப்பதை அப்படியே எடுத்தால் 10.6 எம்பி. ஃபிளாக் என்று இன்னொரு வகைக் கோப்பு உண்டு. அதில் சுருக்கினாலும் ஒலி துளியும் குறையாது, ஆனால் அளவு பாட்டைப் பொறுத்து ஏறி இறங்கும். சராசரியாக 900 கேபிபிஎஸ் என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏழு எம்பிக்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கில் 32 ஜிபி கார்டு 128இல் 555 மணி நேரம், 320இல் 222 மணி நேரம், ஃபிளாக்கில் 79 மணி நேரம் வரும். உங்கள் இரண்டு மணி நேரத்துக்கு முறையே ஒன்பது மாதம், மூன்றரை மாதத்துக்கு மேல், ஐந்தரை வாரம். எல்லாம் ஒருமுறை மட்டும் கேட்டால்.

இந்தத் துறையின் பழைய கதையும் இதையே சொல்கிறது. 1998இல் வந்த ரியோ பிஎம்பி300 என்ற எம்பி3 பிளேயர் வெறும் 32 எம்பி. 128இல் அரை மணி நேரப் பாட்டு, அவ்வளவுதான். ஒரு நாள் ரயிலுக்கே போதாது. அப்போது இடம் உண்மையிலேயே பெரிய பிரச்சினை. 2001 அக்டோபரில் ஆப்பிள் 5 ஜிபி ஐபாடைக் கொண்டுவந்து ஆயிரம் பாட்டு என்றது. அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது என்றால், 160 கேபிபிஎஸ்ஸில் நாலு நிமிடப் பாட்டு 4.8 எம்பி, ஆயிரம் பாட்டுக்கு 4.8 ஜிபி. கணக்கு சரியாக உட்காருகிறது. ஆயிரம் பாட்டு என்றால் 66 மணி நேரம். உங்களுக்கு ஒரு மாதத்துக்கு வரும். என் பார்வையில் இடப் பிரச்சினை தீர்ந்தது அன்றைக்குத்தான்.

அதன்பின் அதே ஐபாட் 160 ஜிபி வரை போனது, 40,000 பாட்டு என்றார்கள். தூங்காமல் கேட்டாலும் 111 நாள். அதே நிறுவனம்தான் 2005இல் திரையே இல்லாமல் 512 எம்பியில் ஐபாட் ஷஃபிள் விற்றது. 120 பாட்டு. அதையும் மக்கள் விரும்பி வாங்கினார்கள்.

9 ஜனவரி

எதிர்பார்த்ததுதான். "ஃபிளாக்கில் கேட்காதவன் இசையே கேட்டதில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் தெருவில் குடியிருப்பவர்கள் பாவம், எல்லோரும் இத்தனை நாள் எதைக் கேட்டார்களோ.

கிண்டலை விட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நண்பர் ஒருவர் கோப்பின் பெயரை மறைத்து ஒரே ஒலிப்பதிவை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். சினிமாப் பாட்டில் 320க்கும் ஃபிளாக்குக்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 128இல் பல பாட்டுகளில் முடியவில்லை. ஆனால் நாதஸ்வரக் கச்சேரியில் தவில் வந்ததும் 128 காட்டிக்கொடுத்துவிட்டது. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் அடி சுரீரென்று வெட்டிக்கொண்டு வர வேண்டும். அது விழுவதற்குக் கண நேரம் முன்னாலேயே ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' கேட்டது. ஒருமுறை காதில் பட்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு அடியிலும் அது கேட்கும்.

காரணம் எம்பி3 வேலை செய்யும் விதம். அது ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிச் சுருக்குகிறது. சுருக்குவதால் வரும் பிசிறு அந்தத் துண்டு முழுக்கப் பரவும். துண்டின் முன்பாதி அமைதியாகவும் பின்பாதியில் திடீர் அடியும் இருந்தால், அமைதியான பகுதியில் பிசிறு வெளியே தெரியும். அடிக்குப் பின்னால் வருவதைக் காது கண்டுகொள்ளாது, முன்னால் வருவது தெரிந்துவிடும். அதனால்தான் மிருதங்கம், கஞ்சிரா, தவில் மூன்றும் எம்பி3க்குக் கடினமான பரீட்சை. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். மெலடிப் பாட்டை வைத்துச் சோதித்தால் எதுவும் தெரியாது.

192க்கு மேல் போனால் என் காதுக்கு அது மறைந்தது. 256இல் தேடினாலும் கிடைக்கவில்லை. அதனால் நான் சொல்வது: ஃபிளாக் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். கார்டில் ஏற்றும்போது 256க்கு மாற்றி ஏற்றுங்கள், அது ஏஏசியாக (எம்பி3க்குப் பின் வந்த சுருக்கும் முறை) இருந்தால் இன்னும் நல்லது. ரயில் சத்தத்தில் அதற்கு மேல் உள்ளது கேட்காது. புளூடூத் இயர்போன் என்றால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கிவிடும், அங்கே ஃபிளாக் ஏற்றியும் பயனில்லை.

10 ஜனவரி

"32 ஜிபி கார்டு போட்டால் 29.8 என்றுதான் காட்டுகிறது, கடையில் ஏமாற்றிவிட்டார்களா?" இல்லை. கார்டு செய்பவர்கள் நூறுகோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி வருவதை ஒரு ஜிபி என்கிறது. பைட்டுகளின் எண்ணிக்கை ஒன்றேதான். நான் மேலே போட்டதெல்லாம் கார்டுக்காரர் கணக்கு.

16 ஜனவரி, ஊரிலிருந்து

பொங்கலுக்கு வந்த இடத்தில் பெரியப்பாவின் பெட்டியைப் பார்த்தேன். எஃப்எம், மெமரி கார்டு இரண்டும் உள்ள கையடக்கப் பெட்டி. முன்பக்கம் நாலு பொத்தான், சிவப்பு எழுத்தில் எண் மட்டும் காட்டும் ஒரு சின்ன ஜன்னல். பாட்டின் பெயர் வராது. அண்ணன் அதில் 8 ஜிபி கார்டு போட்டுப் பழைய பாட்டு ஆயிரத்துக்கும் மேல் ஏற்றிக்கொடுத்திருக்கிறார்.

பெரியப்பா கேட்பது அதில் ஐம்பது அறுபது இருக்கும். மற்றதற்குப் போக வழியே இல்லை. அடுத்தது, முந்தையது என்று இரண்டு பொத்தான்தான். 740ஆம் பாட்டு வேண்டுமென்றால் 739 முறை அழுத்த வேண்டும். எந்தப் பாட்டு எந்த எண் என்று அவர் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, பெட்டியின் முதுகில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார். "17 முருகன். 23 ராத்திரி கேக்குறது. 31 அம்மாவுக்குப் பிடிச்சது." இப்படி.

"பெரியப்பா, வேற பாட்டு ஏதாவது ஏத்தித் தரவா?" என்றேன்.

"ஏத்த வேணாம்டா. இருக்கிறதுல பாதிய எடுத்து விடு. தேடிப் பிடிக்க முடியல."

இடம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அந்த இடத்துக்குள் எப்படி நடமாடுவது என்று கேட்க வேண்டும். முதல் ஐபாடில் 5 ஜிபியை விடப் பெரிய விஷயம் அந்தச் சுழல் வளையம். ஆயிரம் பெயரைக் கட்டைவிரலால் சில நொடியில் கடந்துவிடலாம். 2017இல் வந்த சரிகம கார்வானில் 5000 பாட்டு என்றாலும் பெரியவர்களால் அதைப் பயன்படுத்த முடிகிறது, காரணம் பாடகர், இசையமைப்பாளர் என்று பிரித்து ஒரு குமிழைத் திருப்பினால் போதும் என்று செய்ததுதான். பெரியப்பா பெட்டிக்கு 100 பாட்டே அதிகம்.

கார்டில் பாதிப் பாட்டை எடுத்துவிட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். காலண்டர் தாளில் இருந்த எண்கள் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலையாகிவிட்டது.

17 ஜனவரி

எண்கள் மாறாமல் எப்படி வைத்தீர்கள் என்று கேட்டவருக்கு: விலை குறைந்த பிளேயர்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை. கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதைத்தான் முதல் பாட்டு என்று எடுத்துக்கொள்ளும். அதனால் கார்டை ஒருமுறை ஃபார்மேட் செய்து, வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். மொத்தமாக இழுத்துப் போட்டால் வரிசை நம் கையில் இல்லை.

மினி பஸ்ஸில் எப்போது ஏறினாலும் அதே பாட்டு ஓடுவதற்கும் இது ஒரு காரணம். எங்கள் ஊர் மினி பஸ்ஸில் 16 ஜிபி பென் டிரைவ் செருகியிருக்கிறது. ஆனால் வண்டியை அணைத்துப் போட்டால் அந்த செட் விட்ட இடத்தை மறந்துவிடும். டவுனுக்கு அரை மணி நேரம். முதல் ஏழெட்டுப் பாட்டு முடிவதற்குள் கடைசி நிறுத்தம் வந்துவிடும். திரும்பக் கிளம்பும்போது மறுபடி முதல் பாட்டு. ஊரே அந்த ஏழெட்டுப் பாட்டை மனப்பாடம் செய்துவிட்டது. மீதி ஆயிரக்கணக்கான பாட்டும் அந்த பென் டிரைவில் சும்மாதான் கிடக்கிறது. நல்ல செட்டுகள் விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். பிளேயர் வாங்கும்போது ஜிபி கேட்பதை விட இதைக் கேளுங்கள்.

23 ஜனவரி

பேச்சு பழைய மெமரி கார்டு கடைகள் பக்கம் போய்விட்டது. ரீசார்ஜ் கடையில் பாட்டு ஏற்றித் தருவார்களே, அது. காப்புரிமைப்படி தப்புதான், பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஒரு பைசா போகாது. ஆனால் ஒரு தலைமுறையே எப்படிக் கேட்டது என்று தெரிய அதையும் சொல்ல வேண்டும்.

கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர். ரீடரில் நம் கார்டைச் செருகிவிட்டு அந்தப் பையன் "என்னண்ணே வேணும்?" என்பான். மெலடி, குத்து, சோகம், அம்மன், ஐயப்பன், கிறிஸ்தவப் பாட்டு என்று ஃபோல்டர் ஃபோல்டராக இருக்கும். நாம் சொல்லச் சொல்ல இழுத்து விடுவான். 2 ஜிபி கார்டில் 128இல் நானூற்றுச் சொச்சம் பாட்டு பிடிக்கும். இடம் நிறைந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னதும் "எதத் தூக்கட்டும்?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு அங்கேயே நின்று பதில் சொல்ல வேண்டும். பின்னால் வரிசையில் ஆள் நிற்கும். அப்படி மிஞ்சிய நானூறும் மாதக்கணக்கில் போனில் இருக்கும், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் வெட்டி முடிகிறது என்பதுகூட அத்துப்படி.

2 ஜிபிக்குத் திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை. இடம் குறைவாக இருந்ததால் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, அதனால் கேட்டோம். இன்றைக்கு 9000 பாட்டையும் மொத்தமாகக் கார்டில் கொட்டிவிட்டு ஷஃபிளில் (வரிசையைக் கலைத்து) போட்டால் பாதி வழி 'அடுத்தது' பொத்தானை அழுத்துவதிலேயே போய்விடுகிறது. என் கை அப்படித்தான் இருந்தது.

4 பிப்ரவரி

கச்சேரி கேசட்டுகளை ஃபிளாக்காக மாற்றி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சிடியிலிருந்து எடுத்த கச்சேரியை விடக் கேசட்டிலிருந்து எடுத்தது ஏன் அதிக இடம் பிடிக்கிறது என்று கேட்கிறார். அருமையான கேள்வி.

ஃபிளாக் அடுத்து என்ன வரும் என்று ஊகித்து, ஊகம் தவறிய அளவை மட்டும் எழுதி வைக்கும். சுதி, குரல், வயலின் எல்லாம் ஊகத்துக்கு ஓரளவு கட்டுப்படும். கேசட்டின் 'ஸ்ஸ்' இரைச்சல் எதற்கும் கட்டுப்படாது, ஒவ்வொரு கணமும் புதுசு. அதை ஒன்று விடாமல் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. ஆக அவர் கார்டில் கணிசமான இடத்தை இரைச்சல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. பழைய ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் மோனோ. டிஜிட்டலாகவே இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிளாக் அதைக் கண்டுபிடித்து ஒரு பக்கத்தை மட்டும் எழுதும். ஆனால் ஸ்டீரியோ டெக்கில் ஓட்டி எடுத்த மோனோ கேசட்டில் இடப்பக்க இரைச்சலும் வலப்பக்க இரைச்சலும் வேறு வேறு. இரண்டையும் எழுதித் தொலைக்கும். கார்டுக்குப் போகும் பிரதியை மோனோவாக மாற்றிவிடுங்கள், பாதிக்குப் பாதி இடம் மிச்சம். மோனோவில் 96 கேபிபிஎஸ் என்பது ஸ்டீரியோவில் 192 மாதிரி. மூன்று மணி நேரக் கச்சேரி 130 எம்பிக்குள் அடங்கிவிடும். ஃபிளாக்கில் அது 1.2 ஜிபி.

மூலப் பிரதியை மட்டும் மாற்றாதீர்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் வருடா வருடம் மேம்படுகின்றன, இரைச்சலோடு உள்ள முழுப் பிரதி நாளைக்குத் தேவைப்படும். அது வீட்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு இடத்தில் இருக்கட்டும். கையில் சுற்றும் பிளேயரில் இருக்கும் ஒரே பிரதியை நம்பிக் கச்சேரிகளை இழந்தவர்களை எனக்குத் தெரியும். ரயிலில் தொலைந்தால் தொலைந்ததுதான்.

18 பிப்ரவரி

சரக்குக் கப்பலில் வேலை செய்யும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஏறினால் ஒன்பது மாதம். இன்டர்நெட் கொஞ்சம்தான் கிடைக்கும், அது வீட்டுக்குப் பேசவே சரியாக இருக்கும். வேலை முடிந்து கேபினில் நாலு மணி நேரம் பாட்டுதான். "எனக்கும் 32 போதும் என்பீர்களா?"

மாட்டேன். 270 நாள், தினம் நாலு மணி நேரம், 1080 மணி நேரம். 128இல் 62 ஜிபி, 320இல் 155 ஜிபி. திரும்பக் கேட்பதைக் கழித்தாலும், நடுக்கடலில் என்ன கேட்கத் தோன்றும் என்று கிளம்பும் நாளில் யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு 256 ஜிபி நியாயமானது. கூடவே அதே பாட்டோடு இன்னொரு கார்டு, இரண்டையும் வேறு வேறு பையில் வைக்க வேண்டும். அங்கே கார்டு கெட்டால் கடை இல்லை.

6ஆம் தேதி போட்ட அதே கணக்குதான் இதுவும். கம்ப்யூட்டரைத் தொடும் இடைவெளி நீளமாகும்போது ஜிபி ஏறுகிறது. தினமும் வீடு திரும்புகிறவரின் கணக்கும் கப்பல்காரரின் கணக்கும் ஒன்றாக வராது.

19 பிப்ரவரி

பட்டிமன்றம், சொற்பொழிவு கேட்பவர்களுக்கு: பேச்சுக்கு மோனோ 48 தாராளம். ஒரு மணி நேரம் 22 எம்பிக்குள். இடத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

3 மார்ச்

அவசரமான விஷயம். 1 டிபி கார்டு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று ஒருவர் மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறார். வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் அதில் எதையும் வைக்காதீர்கள்.

உள்ளே இருப்பது எட்டோ பதினாறோ ஜிபிதான். கம்ப்யூட்டரிடம் மட்டும் 1 டிபி என்று பொய் சொல்லும்படி அதை மாற்றியிருப்பார்கள். ஏற்றும்போது எல்லாம் ஏறுவது போலவே தெரியும், பெயர்கள் வரும், அளவும் சரியாக இருக்கும். உண்மையான இடம் தீர்ந்தபின் எழுதுவதெல்லாம் காற்றில் போகும், இல்லையென்றால் முன்னால் எழுதியதன் மேலேயே விழும். சில நாள் கழித்துப் பாட்டு நடுவில் கீச்சென்று கத்தி நிற்கும்போதுதான் தெரியும். என் தங்கை மகனுக்கு ஆன்லைனில் வந்த கார்டு இப்படித்தான். அவன் அதில் வைத்திருந்தது பாட்டு மட்டுமில்லை, கல்லூரிச் சுற்றுலாப் படங்களும்.

எந்தக் கார்டு வாங்கினாலும் முதல் வேலை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் இலவசம். பெரிய கார்டுக்கு நேரம் பிடிக்கும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள்.

10 மார்ச்

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். 128 ஜிபி வாங்கிவிட்டாராம், 32க்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, விலைதான் காரணம் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் பிளேயர் கார்டைப் படிக்கவில்லை என்கிறார்.

32 ஜிபிக்கு மேல் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற, கோப்புகளை அடுக்கும் முறையில் ஃபார்மேட் ஆகி வரும். பழைய, விலை குறைந்த பிளேயர்கள் பலவற்றுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும்தான் தெரியும். விண்டோஸின் பல பதிப்புகளில் வலது கிளிக் செய்து வரும் ஃபார்மேட் பெட்டியில் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 என்ற வழியே காட்டாது. அதற்கென்று தனியாக இலவச மென்பொருள்கள் உண்டு, அதில் செய்தால் பெரும்பாலும் படித்துவிடும். படித்தபின், 9000 பாட்டையும் ஏற்றாதீர்கள். சின்ன பிளேயர்கள் கார்டு மாறும்போதெல்லாம் உள்ளே இருப்பதைப் பட்டியல் போடும், பாட்டு கூடக் கூட அந்தக் காத்திருப்பு நீளும். சில பிளேயர்கள் ஒரு எண்ணிக்கைக்கு மேல் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காது, மீதிப் பாட்டு கார்டில் இருந்தும் கண்ணில் படாது. கையேட்டில் அந்த எண் இருக்கும், பாருங்கள்.

நான் செய்வது இது: 'நிரந்தரம்', 'இந்த மாதம்', 'கச்சேரி' என்று மூன்று ஃபோல்டர். முதலாவதைத் தொடுவதில்லை. இரண்டாவதை மாதப் பிறப்பில் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவேன், அதிலிருந்து ஒன்றிரண்டு முதல் ஃபோல்டருக்குப் போகும். மூன்றாவதில் மோனோவாக மாற்றிய கச்சேரிகள். எல்லாம் சேர்ந்து 20 ஜிபியைத் தாண்டியதில்லை.

பாட்டின் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். பெயர் பாதியில் வெட்டுப்பட்டால் டேக் (கோப்புக்குள்ளேயே பாட்டின் பெயர் முதலியவற்றை எழுதி வைக்கும் குறிப்பு) பழைய முறையில் எழுதப்பட்டிருக்கும். அதில் தலைப்புக்கு 30 பைட்தான். யூனிகோடில் 'தில்லானா' என்ற ஒரு சொல்லே 24 பைட் எடுத்துக்கொள்ளும், அதன்பின் ராகத்தின் பெயருக்கு எங்கே இடம்? புதிய முறை டேகுக்கு மாற்றுங்கள். எழுத்துரு இல்லாத பிளேயர் என்றால் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துவிடுங்கள்.